மண்ணீரலில் ஒரு கட்டி

அசைவம் சமைக்கும் வீடுகளில் 'சுவரொட்டி' என்றால் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ரத்தம் ஊறும் என்று சொல்லி, பிள்ளை பெற்றவளுக்கும் சோகை பிடித்த குழந்தைக்கும் கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்து வாங்கி வந்து, வதக்கிக் கொடுப்பார்கள். ஆட்டின் அந்த உறுப்புக்குத்தான் புத்தகத் தமிழில் மண்ணீரல் என்று பெயர். அதே உறுப்பு நம் ஒவ்வொருவர் வயிற்றிலும் இருக்கிறது என்பதையும், அதிலும் கட்டி வரலாம் என்பதையும் ஐம்பத்தெட்டு வயது வரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. 2016-ஆம் ஆண்டு என் மனைவிக்கு வந்தபோதுதான் தெரிந்து கொண்டேன்.

நான் டாக்டர் இல்லை. வேலை நிமித்தம் தாபோடிக்கு வந்து இங்கேயே வீடும் வாங்கி நிலைத்துவிட்ட ஒரு சாதாரண குடும்பஸ்தன். இருந்தாலும், இரண்டு முறை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து கற்றுக் கொண்டதை நம் சங்கக் குடும்பங்களோடு பகிர்ந்து கொள்ள வேண்டும் என்று வெகு நாட்களாக ஆசை. இதில் வரும் மருத்துவ விஷயங்களை எங்களுக்குச் சிகிச்சை அளித்த டாக்டர்களிடம் கேட்டுத் தெளிந்த பிறகே எழுதுகிறேன். எனினும் அவரவர் உடம்புக்கு அவரவர் டாக்டர் சொல்வதே முடிவானது என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

எதையோ தேடப் போய்...

அந்த ஆண்டு நவராத்திரி முடிந்த வாரம். சாப்பிட்டால் வயிறு சீக்கிரம் நிறைந்து விடுகிறது, இடது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்று என் மனைவி சொல்லிக் கொண்டிருந்தாள். பண்டிகைச் சாப்பாடு, வாயு என்று பெருங்காயமும் ஓமமும் கொடுத்துப் பார்த்தோம். கேட்கவில்லை. பித்தப்பையில் கல் இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டு வயிற்று ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் எடுத்த பெண் டாக்டர் வலது பக்கம் சீக்கிரம் முடித்துவிட்டு இடது பக்கத்திலேயே வெகு நேரம் கருவியை வைத்து அழுத்திக் கொண்டிருந்தார். பிறகு, "மாவ்ஷி, கல் எதுவும் இல்லை. ஆனால் ப்லீஹாவில் காட் இருக்கிறது" என்றார். முப்பது வருஷமாக மண்டையில் பேரம் பேசிப் பழகிய மராத்தி என் மனைவியுடையது. 'காட்' என்றால் கட்டி என்று அவளுக்குப் புரிந்தது. 'ப்லீஹா' புரியவில்லை. வெளியே வந்து என்னிடம், "என்னங்க, ப்லீஹான்னா கர்ப்பப்பையா?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. ஆட்டோவில் வீடு வரும் வரை இருவரும் பேசிக் கொள்ளவில்லை.

ரிப்போர்ட்டில் இருந்தது இதுதான். மண்ணீரலின் நீளம் 16 சென்டிமீட்டர். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 11, 12 சென்டிமீட்டர்தான் இருக்கும். உள்ளே ஐந்து சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி, அதைச் சுற்றிச் சிறிதும் பெரிதுமாகப் பல கட்டிகள். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் எண்ணிக்கை 92,000. குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டும்.

அன்றிரவு கோவில்பட்டியிலிருந்து என் மனைவியின் அண்ணன் பேசினார். "மாப்ளே, பாஷை தெரியாத ஊர்ல வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க? பேசாம நாளைக்கே வேலூருக்குக் கூட்டிட்டு வந்துருங்க" என்றார். வெளியூரில் வாழும் நம் எல்லார் வீட்டிலும் நோய் என்றவுடன் எழும் முதல் கேள்வி இது. இதற்கு நாங்கள் கண்ட விடையைப் பிறகு சொல்கிறேன்.

மண்ணீரல் என்ன செய்கிறது?

இடது பக்கம் ஒன்பது, பத்து, பதினோராம் விலா எலும்புகளுக்கு உள்ளே, இரைப்பைக்குப் பின்புறம், ஒரு கைப்பிடி அளவில் இருக்கிறது மண்ணீரல். எடை சுமார் 150 கிராம். ரத்தத்தை வடிகட்டுவது இதன் வேலை. சிவப்பணுக்களின் ஆயுள் ஏறக்குறைய 120 நாட்கள். வயதாகி விறைத்துப் போனவற்றை மண்ணீரலின் நுண்ணிய இடுக்குகள் பிடித்து அழிக்கின்றன. அதே இடுக்குகளில் ரத்தத்தில் புகுந்த கிருமிகளும் சிக்குகின்றன. குறிப்பாக, வெளியே வழவழப்பான உறை போர்த்திக் கொண்டு வெள்ளணுக்களுக்குப் பிடி கொடுக்காமல் நழுவும் நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் போன்ற கிருமிகளைப் பிடிப்பதில் மண்ணீரலுக்கு ஈடு வேறில்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் வாசகர்கள் மனதில் வைத்துக் கொள்ள வேண்டும். கட்டுரையின் பின்பகுதி முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ஆக, மண்ணீரல் என்பதே ரத்தம் ஊறிய பஞ்சு போன்றது. அதில் தோன்றும் கட்டிகள் பொதுவாகவே அபூர்வம். அப்படித் தோன்றுபவற்றில் ரத்தக் குழாய்களின் சுவர் அணுக்களிலிருந்து கிளம்புபவை ஒரு முக்கியமான இனம். அவற்றில் சாதுவும் உண்டு, கொடியதும் உண்டு.

சாதுவானவற்றில் அதிகம் காணப்படுவது ஹீமாஞ்சியோமா. பெரும்பாலும் சிறியது, வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகக் கண்ணில் படும். ஒன்றும் செய்யாமல், குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்து வளர்கிறதா என்று பார்த்தாலே போதும். மிகப் பெரிதானால் பிளேட்லெட்டுகளை விழுங்கும். வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும் அபாயமும் உண்டு. ஹமார்ட்டோமா, நிணநீர்க் குழாய்களிலிருந்து வரும் லிம்ஃபாஞ்சியோமா ஆகியவையும் இந்தச் சாதுக் கூட்டத்தைச் சேர்ந்தவை. 'சான்ட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இன்னொரு வகை 2004-இல்தான் தனியாக இனங்காணப்பட்டது. 25 நோயாளிகளின் மண்ணீரல்களை ஒப்பிட்டு, இது புற்றுநோய் அல்ல என்று அதற்குத் தனிப் பெயரிட்டார்கள்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பது ஆஞ்சியோசார்க்கோமா. இது ரத்தக் குழாய்ப் புற்றுநோய். மிக மிக அபூர்வம், ஆனால் மிகக் கொடியது. கண்டுபிடிப்பதற்குள் கல்லீரலுக்கும் எலும்புக்கும் பரவி விடுவதுண்டு.

படத்தில் பார்த்தால் சாதுவும் கொடியதும் சில சமயம் அண்ணன் தம்பி போலவே தெரியும் என்பதுதான் இதில் உள்ள சங்கடம்.

பெயர் தெரியாமல் மூன்று வாரம்

அடுத்து சி.டி. ஸ்கேன். நரம்பில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். மருந்து ஏறிய முதல் கட்டத்தில் கட்டிகள் கருமையான ஓட்டைகள் போலத் தெரிந்தன. சில நிமிடம் கழித்து எடுத்த படத்தில் அவை மெல்ல நிரம்பி, சுற்றியுள்ள சதையின் நிறத்துக்கே வந்து விட்டன. ரத்தம் தேங்கி ஓடும் கட்டிகளின் குணம் இது என்று விளக்கினார் டாக்டர்.

"இருந்தாலும் இந்தியாவில் மண்ணீரலில் பல கட்டிகள் என்றால் முதலில் டி.பி.யை நினைக்காமல் விட முடியாது" என்றார் அவர். மாலை ஜுரம் உண்டா, எடை குறைந்ததா, இருமல் உண்டா என்று விசாரித்தார். மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நாய், ஆடு மூலம் வரும் ஹைடாடிட் என்ற நீர்க்கட்டியா, நிணநீர்ப் புற்றுநோயான லிம்ஃபோமாவா, வேறு இடத்துப் புற்றுநோய் இங்கே வந்து தங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விலக்கிக் கொண்டே வந்தார்கள். டி.பி. என்றால் மாத்திரையிலேயே குணமாகி விடும், ஆபரேஷனே வேண்டாம். ஆகவே இந்தப் பரிசோதனைகளெல்லாம் வீண் செலவு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே?" என்று நான் கேட்டேன். முன்பெல்லாம் மண்ணீரலில் ஊசி போடவே பயப்படுவார்களாம். இப்போது மெல்லிய ஊசியால், ஸ்கேன் பார்த்துக் கொண்டே, பழகிய கைகள் செய்தால் பெரிய சிக்கல் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வருகிறது. லிம்ஃபோமா, டி.பி. சந்தேகம் பலமாக இருந்தால் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் கட்டியே ரத்தக் குழாய்களால் ஆனது என்னும்போது கசிவு பயம் கூடுதல். அது மட்டுமல்ல; ஊசி முனையில் வரும் துணுக்கைக் கொண்டு இந்த வகைகளை நிச்சயமாகப் பிரித்துச் சொல்வதும் கடினம். "கட்டி பெரிதாக இருக்கிறது, பல இருக்கின்றன, பிளேட்லெட் குறைகிறது, மேடத்துக்குத் தொந்தரவும் இருக்கிறது. மண்ணீரலை எடுத்து விடுவதே நோயறியும் வழியும், சிகிச்சையும்" என்று முடித்தார் டாக்டர்.

இதை மைத்துனரிடம் சொன்னேன். படங்கள் அடங்கிய சி.டி. தகடுகளை அவருக்கு அனுப்பி வைத்தேன். அவர் அங்கே தெரிந்த ஒரு சர்ஜனிடம் காட்டினார். அவரும் அதே கருத்தைத்தான் சொன்னார். "அங்கேயே செஞ்சிடுங்க மாப்ளே, ரயில்ல ஒரு நாளைக்கு மேல உக்காந்து வர வேண்டாம்" என்று மைத்துனரே இறங்கி வந்தார். படமும் ரிப்போர்ட்டும் ஊருக்குப் போனால் போதும், நோயாளி போக வேண்டியதில்லை என்பது எங்கள் அனுபவம்.

நாகர்கோவில் சிஸ்டர் கேட்ட ஒரு கேள்வி

பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போன 2016 நவம்பர் 8-ஐ ஒட்டிய நாட்கள் அவை. கையில் ரொக்கம் இல்லாமல் எல்லாரும் ஏ.டி.எம். வாசலில் நின்ற சமயத்தில், ஆபரேஷனுக்கு மூன்றாம் நாள் தேதி குறித்து வாங்கி வந்தேன். ரத்தம் கொடுக்க ஆள், இன்ஷூரன்ஸ் காகிதம், பணம் என்று என் புத்தி முழுக்க அதிலேயே இருந்தது.

எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் இருந்தார். நாகர்கோவில்காரர். எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். விஷயம் கேள்விப்பட்டு வந்தவர், காபியைக் கூட வாங்காமல், "தடுப்பூசியெல்லாம் போட்டாச்சா?" என்று கேட்டார். என்ன தடுப்பூசி என்று நாங்கள் முழித்தோம். எங்களிடம் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. "மண்ணீரல எடுக்கப் போறாங்க, ஊசி போடலியா? நாளைக்குக் காலைல மொத வேலையா போய்க் கேளுங்க தம்பி. கேக்காம படுக்க வைக்காதீங்க" என்றார்.

மறுநாள் போய்க் கேட்டேன். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவசரமில்லாத ஆபரேஷன்தான், தள்ளி வைத்துக் கொள்ளலாம் என்று ஒப்புக் கொண்டார்கள். கோபித்துக் கொள்ளவில்லை. விட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த அம்மா கேட்டிராவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

விஷயம் இதுதான். மண்ணீரலை எடுப்பது முன்கூட்டித் திட்டமிட்டது என்றால், குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் என்னும் மூன்று கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகளைத் தொடங்கிவிட வேண்டும். மண்ணீரல் உள்ளே இருக்கும்போது போட்டால்தான் உடம்பு நன்றாக எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக் கொள்ளும். விபத்தில் சிதைந்து அவசரமாக எடுக்க நேர்ந்தால், ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போடுவார்கள். சில ஊசிகளை ஒரே நாளில் போடலாம், சிலவற்றுக்கு இடைவெளி வேண்டும். என் மனைவிக்குச் சிலவற்றை முன்பும் சிலவற்றைப் பின்பும் போட்டார்கள். சிலவற்றை ஐந்து ஆண்டுகள் கழித்து மறுபடி போட வேண்டும். ஃப்ளூ ஊசி வருஷா வருஷம். இப்போது புதிய வகை ஊசிகள் வந்து அட்டவணை மாறிக் கொண்டே இருப்பதால், அவ்வப்போது டாக்டரிடம் கேட்டுக் கொள்வது நல்லது.

கரையோர அணுக்கள்

நவம்பர் கடைசியில் ஆபரேஷன் நடந்தது. லேப்ராஸ்கோப்பி முறை. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமரா பார்த்துச் செய்வது. இந்தியாவில் இந்த முறையில் பித்தப்பையை முதன் முதலில் எடுத்தவர் பம்பாயில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா, அது 1990-இல். மண்ணீரலை இந்த முறையில் எடுப்பது 1991-இல் பிரான்ஸில் தொடங்கியது. வேறு நோய்களுக்காக எடுக்கும்போது மண்ணீரலைப் பைக்குள் போட்டு உள்ளேயே நசுக்கித் துண்டு துண்டாக வெளியே எடுப்பதுண்டு. கட்டி என்றால் அப்படிச் செய்யாமல், ஒரு துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி முழுசாகவே எடுப்பது நல்லது. நசுங்கினால் பரிசோதிப்பவருக்குக் கட்டியின் உருவம் தெரியாது; அணுக்கள் வயிற்றுக்குள் சிந்தும் அபாயமும் உண்டு. எங்கள் டாக்டர் முழுசாகவே எடுத்தார். எடை 480 கிராம்.

ரிப்போர்ட் வரப் பதினைந்து நாளாயிற்று. முதலில் வந்த தாளில் 'ரத்தக் குழாய்க் கட்டி, மேலும் பரிசோதனை தேவை' என்று மட்டுமே இருந்தது. அந்தப் பதினைந்து நாளும் வீட்டில் யாரும் 'கேன்சர்' என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. அதையேதான் எல்லாரும் நினைத்துக் கொண்டிருந்தோம்.

முடிவாக வந்த பெயர் 'லிட்டோரல் செல் ஆஞ்சியோமா'. நான் நேரே போய்ப் பரிசோதனைச் சாலை டாக்டரையே பார்த்து, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். ரிப்போர்ட் எழுதியவரை நாமும் போய்ப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அவர் மைக்ராஸ்கோப்பில் காட்டியே விளக்கினார்.

மண்ணீரலுக்குள் ரத்தம் சின்னச் சின்ன வாய்க்கால்களில் ஓடுகிறது. அந்த வாய்க்கால்களின் கரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அணுக்களுக்கு லிட்டோரல் அணுக்கள் என்று பெயர். கரை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பவனா நதி முளா நதியில் கலக்கும் ஊரில் இத்தனை வருஷம் குடியிருக்கும் எனக்கு அது உடனே பிடிபட்டது. இந்த அணுக்கள் இரட்டை வேலைக்காரர்கள். ரத்தக் குழாயின் சுவராகவும் இருக்கும், பழைய அணுக்களைப் பிடித்து விழுங்கவும் செய்யும். உடம்பில் மண்ணீரலில் மட்டுமே இவை இருப்பதால், இந்தக் கட்டியும் மண்ணீரலில் மட்டுமே வரும். ஃபால்க் என்பவரும் அவருடைய சகாக்களும் 1991-இல் 17 பேருடைய கட்டிகளை ஆராய்ந்து இதைத் தனி நோயாக முதன் முதலில் எழுதினார்கள். அதற்கு முன் இதற்குப் பெயரே கிடையாது.

இதை எப்படி உறுதி செய்கிறார்கள் என்பதும் ருசிகரமானது. அணுக்களின் மேல் ஒட்டியிருக்கும் அடையாளங்களைச் சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். அவற்றின் பெயர்களும் சி.டி. என்றுதான் ஆரம்பிக்கும், ஸ்கேனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரத்தக் குழாய் அணுக்களின் அடையாளமான சி.டி.31, விழுங்கும் அணுக்களின் அடையாளமான சி.டி.68 ஆகிய இரண்டும் ஒரே அணுவில் சாயம் பிடித்து, சி.டி.34 பிடிக்காமல் இருந்தால் லிட்டோரல் என்று முடிவு செய்ய அது பெரிய துணை. ஹீமாஞ்சியோமாவில் சி.டி.34 பிடிக்கும், சி.டி.68 பிடிக்காது.

எடுத்த சதையை மெழுகில் பதித்துச் சிறு கட்டையாக வைத்திருப்பார்கள். சந்தேகம் இருந்தால் அந்தக் கட்டையையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கி, மும்பையிலோ வேலூரிலோ உள்ள பெரிய பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி இரண்டாவது அபிப்பிராயம் பெறலாம். இவ்வளவு அபூர்வமான நோயில் அது தவறே இல்லை. நாங்களும் அனுப்பினோம். அதே பெயர் வந்தது.

லிட்டோரல் கட்டி பெரும்பாலும் சாதுதான். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் சொன்னார்கள். இந்தக் கட்டி உள்ளவர்களில் கணிசமானவர்களுக்குக் குடல், சிறுநீரகம், நுரையீரல் முதலிய இடங்களில் வேறு புற்றுநோய் கூடவே இருந்திருக்கிறது. ஆகவே குடலை உள்நோக்கிப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி முதலியவற்றைச் செய்துவிட வேண்டும். இரண்டாவது, அபூர்வத்திலும் அபூர்வமாக இதிலேயே கொடிய வகை இருந்து, சில வருஷம் கழித்துத் திரும்பியதுண்டு. ஆகவே ஆண்டுதோறும் ஸ்கேன். என் மனைவிக்குக் குடலில் ஒன்றும் இல்லை. பிளேட்லெட் 92,000-லிருந்து ஆறு லட்சத்தைத் தாண்டி ஏறி, சில வாரத்தில் தானே இறங்கியது. ஆபரேஷனுக்குப் பின் அப்படி ஏறுவது இயல்பு என்றும், அந்தச் சமயத்தில் கடும் வயிற்று வலி வந்தால் கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பா என்று உடனே பார்க்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

பொங்கலுக்கு வீட்டில் பானை பொங்கியது. கண்டம் தாண்டிவிட்டோம் என்று நினைத்தேன்.

2019 ஆகஸ்டு

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு அட்டையும், ஒரு பட்டை ஆன்டிபயாடிக் மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். 'எப்போது ஜுரம் வந்தாலும் முதலில் இதைப் போட்டுக் கொண்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்' என்று உத்தரவு. ஒரு வருஷம் பத்திரமாக இருந்தது. பிறகு ஊரிலிருந்து வந்திருந்த என் அக்கா மகனுக்குப் பல்வலி. ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் இருந்த அந்த மாத்திரையை நானே எடுத்துக் கொடுத்தேன். மறுபடி வாங்கி வைக்க வேண்டும் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

2019 ஆகஸ்டு முதல் வாரத்தில் அணைகளில் தண்ணீர் திறந்து புனேயின் ஆற்றோரப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது பலருக்கு நினைவிருக்கும். வெள்ளம் வடிந்து இரண்டு வாரம் கழித்து, வீட்டுக்கு வீடு ஜுரம். ஒரு மாலை என் மனைவிக்குக் குளிர் எடுத்தது. 102 டிகிரி. அருகில் உள்ள ஒரு கிளினிக்கில் காட்டினோம். வாசல் வரை கூட்டம். அட்டையை நீட்டினேன், பார்க்க நேரமில்லை. "இந்த சீசனில் எல்லாருக்கும் வைரல்தான்" என்று பாராசிட்டமால் எழுதிக் கொடுத்தார்கள். எனக்கும் அதை நம்பவே ஆசையாக இருந்தது.

இரவு பதினொன்றரைக்கு ஜுரம் இறங்கியிருந்தது. நிம்மதியாகத் தொட்டுப் பார்த்தால் கை கால் ஜில்லென்று இருந்தது. "என்ன கிழமை இன்னைக்கு?" என்று கேட்டேன். பதிலுக்கு, முப்பது வருஷத்துக்கு முன் காலமான தன் தாயாரைக் கூப்பிட்டாள். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் வண்டி எடுத்தான். ஹாரிஸ் பாலத்தைத் தாண்டும்போது அவள் என் தோளில் சாய்ந்து மூச்சு வாங்கிக் கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் மிகவும் இளையவர். அட்டையை வாங்கிப் படித்த அடுத்த நிமிடம் ஓட ஆரம்பித்தார். ரத்த அழுத்தம் 80-க்கு 50. ரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக் ஊசி ஏற்றினார்கள். ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. ரத்தத்தில் வளர்ந்த கிருமி நியூமோகாக்கஸ். தடுப்பூசி போட்டும் எப்படி என்று கேட்டேன். அந்தக் கிருமியில் நூறு வகைக்கு மேல் உண்டு. ஊசி காப்பது சிலவற்றை மட்டுமே என்றார்கள். ஊசி அபாயத்தைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது.

இதை 1952-ஆம் ஆண்டே அமெரிக்காவில் கிங், ஷுமேக்கர் என்ற இரு டாக்டர்கள் மண்ணீரல் எடுக்கப்பட்ட ஐந்து குழந்தைகளிடம் கண்டு எழுதி எச்சரித்திருக்கிறார்கள். சாதாரண ஜுரம் போலத் தொடங்கி, சில மணி நேரத்தில் ரத்தம் முழுவதும் பரவி, சிகிச்சை பெற்றும் பாதிப் பேர் வரை இறக்கக் கூடிய நோய் இது. முதல் இரண்டு மூன்று வருஷம் அபாயம் அதிகம். ஆனால் ஆயுள் உள்ளவரை அது முழுதும் நீங்குவதில்லை. 'இன்னும் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால்' என்று அந்த இளம் டாக்டர் வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

ஏழாம் நாள் சாதாரண வார்டுக்கு மாற்றியபோது ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். தாபோடியிலிருந்து லோக்கல் ரயிலில் இரண்டாவது நிறுத்தம் பிம்பரி. 1954-இல் நிறுவப்பட்டு, 1955-இல் பெனிசிலின் தயாரிக்கத் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை அங்கேதான். இந்தப் பக்கம் ஹடப்சரில் 1966-இல் தொடங்கிய சீரம் இன்ஸ்டிடியூட். இந்தியாவிலேயே உருவான முதல் நியூமோகாக்கல் தடுப்பூசி, குழந்தைகளுக்கானது, 2020 டிசம்பரில் அங்கிருந்துதான் வந்தது. மருந்துக்குப் பேர் போன ஊரில் இருந்து கொண்டு, வீட்டு அலமாரியில் ஒரு பட்டை மாத்திரை இல்லாமல் மனைவியை இழக்கப் பார்த்தேன்.

நம்மவர்கள் நினைவில் வைக்க வேண்டியவை

மண்ணீரலில் கட்டி என்று ரிப்போர்ட் வந்தால் உடனே புற்றுநோய் என்று முடிவு கட்டாதீர்கள். தானே கரையும் என்று காகிதத்தைப் பெட்டியில் போட்டும் வைக்காதீர்கள். சிறியது, தொந்தரவில்லாதது என்றால் கண்காணித்தால் போதும் என்று டாக்டரே சொல்வார். அந்த மறு ஸ்கேன் தேதியைத் தவற விடக் கூடாது. திடீரென்று இடது வயிற்றில் கடும் வலியும், இடது தோளில் வலியும், மயக்கமும் வந்தால் கட்டி வெடித்திருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

எடுத்தே ஆக வேண்டும் என்றால், 'தடுப்பூசி எப்போது?' என்று நீங்களே கேளுங்கள். மண்ணீரலின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால் போதுமா என்றும் கேளுங்கள். ஒரே இடத்தில் உள்ள சாதுக் கட்டி என்றால் சிலருக்கு அது முடிகிறது.

எடுத்த பிறகு, ஜுரம் என்பது உங்கள் வீட்டில் வேறு பொருள் கொண்ட சொல். 'காலையில் பார்க்கலாம்' என்பது கூடாது. மாத்திரையைப் போட்டுக் கொண்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெனிசிலின் ஒவ்வாதவர்கள் மாற்று மாத்திரையை முன்பே எழுதி வாங்கிக் கொள்ள வேண்டும். நாய் கடித்தால், கீறல் சிறியது என்று விடக் கூடாது. அதன் எச்சிலில் உள்ள ஒரு கிருமி மண்ணீரல் இல்லாதவர்களுக்கு எமனாகலாம். மலேரியா உள்ள இடத்துக்குப் போவதானால் கொசுவலையும், டாக்டர் சொல்லும் முன்தடுப்பு மாத்திரையும் வேண்டும். ஊருக்குப் போகும்போது ரயில் பெட்டியிலும் அட்டையும் மாத்திரையும் கையோடு இருக்கட்டும்.

குழந்தையாக இருக்கும்போது விபத்திலோ, தலசீமியா முதலிய ரத்த நோயிலோ மண்ணீரலை எடுத்துவிட்டு, அதை மறந்தே போனவர்கள் நம்மிடையே இருக்கக் கூடும். வயிற்றில் அந்தப் பழைய தழும்பு உள்ளவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும்.

என் மனைவி இப்போது சுகமாக இருக்கிறாள். வருஷம் ஒரு ஸ்கேன். அவளுடைய அட்டையை நான் மராத்தி, ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் எழுதி உறையிட்டு வைத்திருக்கிறேன். மூன்று வரிதான். மண்ணீரல் இல்லை, ஜுரம் என்றால் உடனே ஆன்டிபயாடிக் ஊசி, என் போன் நம்பர். நாகர்கோவில் சிஸ்டர் ஊரோடு போய்விட்டார். பண்டிகைக்குப் பண்டிகை போன் செய்வார். முதல் கேள்வி இன்றும் அதே, "ஊசி போட்டாச்சா?"

கோவில்பட்டியிலிருந்து வருஷா வருஷம் தினசரி காலண்டர் வரும். சமையலறைச் சுவரில் அதற்குப் பக்கத்து ஆணியில் ஒரு பட்டை மாத்திரை தொங்குகிறது. ஜனவரி முதல் தேதி காலண்டரை மாற்றும்போது, பட்டையின் காலாவதித் தேதியைப் பார்த்து அதையும் மாற்றி விடுகிறேன். யாருக்கு என்ன பல்வலி வந்தாலும் அதை மட்டும் தொட விடுவதில்லை.